கும்மிக் களத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி

காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில், 1965-ஆம் ஆண்டில், உடுக்கையடித்துப் பாடும் கலைஞர் ஒருவர் அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடினார். மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையார் அதனை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தப் பதிவின் அடிப்படையில் 1982-இல் ஆங்கில ஆய்வு நூலொன்றும், 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாகக் கதைப் பாடமும் வெளிவந்தன. நாடா ஓடாமற் போயிருந்தால் அன்று பாடியது காற்றோடு போயிருக்கும்.

அதே கொங்கு நாட்டில், திருப்பூர் மாவட்டத்துக் குன்னத்தூர்ப் பக்கம், ஒரு திருவிழாவில் நடைபெறும் வள்ளி கும்மியைப் பதிவு செய்ய நீங்கள் போவதாக வைத்துக்கொள்வோம். (இக்கலைக்காகக் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.) ஆசிரியர் ஒலிபெருக்கியில் பாடுகிறார். களத்தில் நிற்போர் அடியெடுத்து வைத்துக் கைகொட்டுகின்றனர். நடுவில் ஒரே ஒரு மைக்கை வைத்தால் ஒலிபெருக்கியின் முழக்கத்தில் கைகொட்டும் ஒலி அமுங்கிவிடும். கலந்துவிட்ட ஒலிகளைப் பின்னர் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது.

பல்தட ஒலிப்பதிவுக் கருவி இதற்காகவே ஏற்பட்டது. ஒவ்வொரு மைக்கின் ஒலியும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை வீட்டில் அமர்ந்து தீர்மானிக்கலாம். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண காசெட்டில் நான்கு தடங்களைப் பதியும் கருவியை வெளியிட்டது. இன்று நாடாவின் இடத்தை நினைவக அட்டை பிடித்துக்கொண்டது.

எத்தனை தடம் வேண்டும்? ஆசிரியரின் குரலுக்கு ஒன்று, தாளக் கருவிக்கு ஒன்று, களத்தின் இரு பக்கமும் கைகொட்டுக்கும் காலடிக்குமாக இரண்டு. ஆக நான்கு, கைகாவலாக இன்னும் இரண்டு. பதினாறு தடக் கருவியை வாங்கித் தோள் வலிக்கச் சுமப்பானேன்? நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்ற அளவில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 520 மெகாபைட் இடம் கொள்ளும். ஆறு தடங்கள் நான்கு மணி நேரத்துக்கு 12.5 கிகாபைட். 32 கிகாபைட் அட்டை தாராளம்.

மின்சாரத்தில்தான் சிக்கல். பக்கத்தில் பந்தல்காரர் இழுத்த மின்கம்பி இருக்கிறதே, அதில் செருகினால் போதாதா என்று கேட்பீர்கள். மின்தடை ஏற்பட்டால் பதிவு நின்றுவிடும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று உண்டு. ஆசிரியரின் குரலை ஒலிபெருக்கிக்காரரின் கருவியிலிருந்து ஒரு கம்பி வழியாக வாங்குகிறீர்கள். அவருடைய கருவி ஓரிடத்தில் நிலத்தோடு இணைந்திருக்கிறது. உங்கள் கருவியும் மூன்றுமுனைச் செருகி வழியாக வேறோரிடத்தில் நிலத்தோடு இணைந்தால், அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே சிறிது மின்னழுத்த வேறுபாடு இருக்கும். ஒலிக்கம்பியின் மேலுறை அவ்விரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடும். அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமே 'உம்ம்' என்ற இரைச்சலாகக் கேட்கிறது. வண்ண விளக்குகளும் ஜெனரேட்டரும் ஒரே கம்பியில் இருந்தால் இரைச்சலின் வகைகள் பெருகும். 100, 150 ஹெர்ட்ஸ் மடங்குகள் ஆண்குரலின் அடிச்சுருதி இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். இரைச்சலை வெட்டப் போனால் குரலும் சேர்ந்து வெட்டுப்படும்.

கருவி தன் சொந்த மின்கலத்தில் ஓடினால் அதற்கு வேறு நில இணைப்பே இல்லை. வளையம் அறுந்துவிடும்; இரைச்சலும் போய்விடும்.

இனி மின்கலத்தின் கணக்கைப் பார்ப்போம். கருவி 6 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். நான்கு மணி நேரத்துக்கு 24 வாட்-மணி தேவை. மறுமின்னூட்டம் செய்யத்தக்க நிக்கல் மின்கலம் (டார்ச்சுக்குப் போடும் சிறு அளவு) 1.2 வோல்ட், 2 ஆம்பியர்-மணி, அதாவது 2.4 வாட்-மணி. எட்டைப் போட்டாலும் 19.2 தான், போதாது. கண்டென்சர் மைக்குகள் கம்பி வழியாகக் கேட்கும் 48 வோல்ட்டையும் கருவியே தர வேண்டும். ஆகவே பாடகருக்கு டைனமிக் மைக்கைக் கொடுத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

கைபேசிக்கான பவர்பேங்க் மீது '10,000' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு: 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது இழப்பும் போகச் சுமார் 6,500 மில்லியாம்பியர்-மணியே வெளியே வரும். மேலும், எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவானால் சில பவர்பேங்குகள் தாமாகவே நின்றுவிடும். வீட்டில் நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

யூ.பி.எஸ். பெட்டிகளில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி காரீய மின்கலமே என் தேர்வு. எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஆனால் விலை மலிவு, சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும். ஏட்டில் 84 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அந்தப் பாதியே 42 ஆகிறதே! நீங்கள் வாங்கும் கருவி 12 வோல்ட்டை நேராக ஏற்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கருவிகள் 9 முதல் 18 வோல்ட் வரை ஏற்கும். சில 5 வோல்ட்டை மட்டுமே ஏற்கும். நேர்முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இணையுங்கள். காரீய மின்கலத்தில் முனைகள் தொட்டுக்கொண்டால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும்.

கும்மி முடிந்து மங்களம் பாடியதும் அவசரப்பட்டுக் கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். ஒலிக்கோப்பின் தலைப்பகுதியில் அதன் நீளத்தை எழுதி முடிப்பது, நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான். அதற்குமுன் மின்சாரம் போனால் சில கருவிகளில் கோப்பு திறக்காது. பொத்தானை அழுத்துங்கள், விளக்கு அணையட்டும், பிறகு மின்கலத்தைக் கழற்றலாம்.