இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மொத்தமே முப்பது, நாற்பது பிள்ளைகள். ஒரு தலைமை ஆசிரியர், ஓர் உதவி ஆசிரியர். இரண்டு வகுப்பறை, பின்னால் ஒரு சமையல் கூடம், வாசலில் வேப்பமரமும் கொடிக்கம்பமும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கிளைச் சாலைகளில் போனால் இப்படிப்பட்ட ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளை அடிக்கடி பார்க்கலாம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. ஆளுக்கு முப்பது பிள்ளை என்று பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருப்பது ஐந்து வகுப்பு. அதை அவர்கள் தனியாகச் சுமப்பதில்லை. ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துதான் அந்தப் பள்ளிக்கூடம் நாள்தோறும் நடக்கிறது.

முதலில் திறப்பது சமையல் கூடம். எட்டேகால் மணிக்குப் பந்தி என்றால் விடிந்ததுமே அடுப்பு மூட்டியாக வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல், திருக்குவளையில் நடந்த விழாவோடு, மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, 15 கிராம் பருப்பு, அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக மாறும். சமைப்பவர் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண். பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கரண்டியைப் பிடித்திருப்பவருக்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொரு முகமும் தெரியும்.

“ஏண்டா, தம்பி வரல?”

“காய்ச்சல்க்கா.”

“நேத்தே உங்கம்மாகிட்டச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு.”

டீச்சர் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகையைப் பதிவதற்கு முன்பே, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது சமையல் கூடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. நடவு, அறுவடை நாட்களில் அப்பா அம்மா இருவரும் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வெறும் வயிற்றோடு வந்து பதினொரு மணிக்குத் தலையைப் பெஞ்சில் சாய்க்கிற பிள்ளையை முன்பெல்லாம் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் காட்டுவார். மதியச் சாப்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு: 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று வளர்ந்தது. காலைப் பசிக்கு வழி பிறக்கத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சாப்பாடு முடிந்து, காலை வணக்கம் முடிந்து வகுப்புக்குள் போனால், கண்ணில் படுவது சுவரின் அடிப்பகுதி. தரையிலிருந்து பிள்ளைகளின் தோள் உயரம் வரை சுவரைச் சுற்றிக் கரும்பலகை பூசியிருக்கும். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில், 2007 வாக்கில், மாநிலம் முழுக்கப் பரவியது இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பிள்ளை சொந்தக்காரர். அங்கே எழுதலாம், கிறுக்கலாம், அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். பெரிய கரும்பலகைக்கு முன்னால் போய் நிற்கவே பயப்படுகிற பிள்ளை இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ‘ழ’வின் வாலைப் பத்துத் தடவை போட்டுப் பார்க்கும். பக்கத்துக் கட்டத்துக்காரி எட்டிப் பார்த்து, “இப்பிடிச் சுழிக்கணும்” என்று தன் சாக்பீஸால் காட்டுவாள். அவள் மூன்றாம் வகுப்பு, இவன் ஒன்றாம் வகுப்பு.

ஒரே அறையில் மூன்று வகுப்பு இருப்பதைக் குறையாகவே எல்லோரும் பேசுகிறோம். குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைக்குள்ளே ஒரு நல்லதும் நடக்கிறது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை வகுப்பைப் பார்த்துப் பிரிப்பதில்லை. எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று உட்கார வைக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கில் மலராகவும் தமிழில் அரும்பாகவும் இருக்கலாம். பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று அறையின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று நடக்கும்போது, எட்டு வயது அக்கா ஆறு வயதுத் தம்பிக்கு டீச்சர் ஆகிவிடுகிறாள். பெரிய பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு சுவர் உண்டு; இந்த உறவுக்கு அங்கே இடம் குறைவு.

இடறுவது வேறொரு இடத்தில். ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போனால், அன்றைக்கு ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். பதிவேடு, செயலிப் பதிவு, புள்ளிவிவரம் கேட்டு வரும் தொலைபேசி எல்லாம் நானூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் ஒன்றுதான், நாற்பது பேர் படிக்கும் பள்ளிக்கும் ஒன்றுதான். அங்கே பகிர்ந்துகொள்ள ஆள் இருக்கிறது. இங்கே அந்த நேரம் பிள்ளைகளின் நேரத்திலிருந்துதான் போகிறது.

இந்தப் பள்ளிகளை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று அறியக் கல்விச் சீர் நடக்கும் நாளில் போய் நிற்க வேண்டும். மேளதாளம் முன்னே போக, பெண்கள் தாம்பாளத் தட்டு ஏந்தி வருவார்கள். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூவோடு நோட்டும் பென்சில் பெட்டியும் இருக்கும். பின்னால் ஆண்கள் பீரோவையும் நாற்காலிகளையும் மின்விசிறியையும் சுவர்க் கடிகாரத்தையும் தூக்கி வருவார்கள். தாய்மாமன் சீர் வருகிற அதே ஒழுங்கு, அதே மரியாதை. பள்ளி வாசலில் ஆசிரியர்கள் சந்தனம், கற்கண்டு வைத்து வரவேற்பார்கள். கூலி வேலைக்குப் போகும் ஒரு பாட்டி ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்துவிட்டு, அதில் பேரப்பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுவார். நன்கொடை என்று ரசீது போட்டு வாங்கினால் இந்தக் கூட்டம் வராது. சீர் என்றால் கொடுக்காமல் இருக்க முடியாது. அது உரிமை, கடமை இரண்டும்.

இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1950களின் இறுதியில் ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’களை ஊர் ஊராக நடத்தினார். மேசை, நாற்காலி முதல் நிலம் வரை மக்களே பள்ளிக்குக் கொடுத்தார்கள். இன்றைய பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது: உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாதக் கூட்டத்தில் கழிப்பறைத் தாழ்ப்பாளும் தண்ணீர்த் தொட்டியும் பேசப்படுவதைக் கேட்டு அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போக மறுத்து, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தீர்மானம் என்று தெரியும்.

இத்தனை இருந்தும், காலை எட்டு மணிக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து சில பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வேனுக்குப் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறையக் குறைய, “இத்தனை பேருக்கு எதற்கு ஒரு பள்ளி” என்ற கேள்வி எழும். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்பது, பிள்ளை தன் காலால் நடந்து போய்ச் சேருவதற்காக வைத்த அளவு. அதைத் தலை எண்ணி மாற்றக் கூடாது.

கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் சேர்க்கைக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். வேனில் பிள்ளையை அனுப்பும் தாய்மார்கள் அவர்களிடம் ஆங்கிலம் பற்றிக் கேட்பதைவிட அதிகம் கேட்பது வேறொன்று: “எம் புள்ள அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் நீங்க இங்க இருப்பீங்களா டீச்சர்?” மாறுதல் கலந்தாய்வில் ஒருவர் போனால் இந்தப் பள்ளியில் பாதி ஆசிரியர் போனதாகக் கணக்கு. பெரிய பள்ளியில் காலியிடம் சில மாதம் காத்திருக்கலாம். ஈராசிரியர் பள்ளியில் அந்த இடத்தை ஜூன் மாதம் கதவு திறக்கும் முன்பே நிரப்பியாக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இதைத் தீர்மானமாக எழுதி அனுப்பட்டும். கல்வித் துறை அதைத் தாழ்ப்பாளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் முன்னால் எடுத்துப் படிக்கட்டும்.