எல்லைக் கல்லும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

யாழ்ப்பாண நகரம் 1949ஆம் ஆண்டிலே மாநகரசபை என்னும் தகுதியைப் பெற்றது. சாம் சபாபதி அவர்கள் முதலாவது முதல்வராக அமர்ந்த அக்காலத்தில், நகரம் எங்கே முடிகின்றது, கிராமம் எங்கே தொடங்குகின்றது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. வண்ணார்பண்ணையைக் கடந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் கொக்குவில். பலாலி வீதி வழியே சென்றால் திருநெல்வேலி. இரண்டும் செம்மண் தோட்டங்களும் ஓலை வேலிகளும் கொண்ட ஊர்கள். இன்றோ அவ்வீதிகளிற் செல்பவர், நகரம் முடிந்த இடத்தைக் கண்டறிதல் அரிது. கடையும் மாடியும் வாடகை அறைகளும் இடையறாது தொடர்கின்றன. கட்டடங்கள் எல்லையைக் கடந்துவிட்டன, சட்டம் கடக்கவில்லை. கொக்குவிலும் திருநெல்வேலியும் நல்லூர்ப் பிரதேச சபையின் ஆளுகைக்கு உட்பட்டவையாகவே இருக்கின்றன.

இவ்வளர்ச்சியில் ஒரு புதுமையுண்டு. யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் மாவட்டத்தை மெலிவித்தன. மெலிந்த மாவட்டத்தில் நகர்ப்புறம் மாத்திரம் நெருக்கமடைவது ஏன்? 1974இல் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக்கழக வளாகம் ஒரு காரணம். வைத்தியசாலையும் தொழிலும் வேறு காரணங்கள். ஆயினும் வீட்டுத் தாய்மாரைக் கேட்டால் முதலிற் சொல்லப்படும் காரணம் பள்ளிக்கூடமே.

முதலாம் வகுப்பு அனுமதி விதிகளின்படி, அரசாங்கப் பாடசாலையொன்றின் இடங்களிற் பாதி, அப்பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு உரியது. எத்தனை ஆண்டு வசித்தனர், உறுதி யார் பெயரில் உள்ளது என்பவற்றுக்கெல்லாம் புள்ளிகள் உண்டு. ஆதலின் பெயர்பெற்ற கல்லூரிக்கு அண்மையில் இரண்டு பரப்புக் காணி வாங்குவது, வீடு கட்டும் எண்ணம் மட்டுமன்று. பிள்ளையின் வகுப்பறையை முன்கூட்டியே பதிவுசெய்யும் எண்ணமுமாகும். தோட்டக்காணிகள் துண்டாடப்படுவதற்கும், தீவுப்பகுதியிலும் வடமராட்சிக் கிழக்கிலும் சிறு பள்ளிகள் பிள்ளைகளின்றி வெறிச்சோடுவதற்கும் தொடர்புண்டு. ஒன்றை ஒரு சபையும் மற்றொன்றை வேறொரு திணைக்களமும் பார்ப்பதனால் அத்தொடர்பு எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

வீடுகள் பெருகும்போது முதலில் வருந்துவது கிணறு. குடாநாட்டில் ஆறில்லை. மழைநீர் மண்ணினூடாகச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கிணற்றிலே ஊறுகின்றது. அதே கல்லினூடாக மலக்குழியின் கழிவும் இறங்குகின்றது. திருநெல்வேலி, கோண்டாவிற் கிணறுகளிலிருந்தே நகரத்துக்குக் குழாய்நீர் எடுக்கப்பட்டு வந்தது என்பதை நினைவிற்கொண்டால், எல்லைக்கு அப்பால் வழங்கப்படும் ஒவ்வொரு கட்டட அனுமதியும் எல்லைக்கு இப்பாலுள்ளோர் குடிக்கும் நீரையும் பற்றியதே என்பது விளங்கும். ஆனால் நகரத்தவருக்குப் பிரதேச சபையில் வாக்கில்லை; ஊரவருக்கு மாநகரசபையில் வாக்கில்லை.

இனிப் பள்ளியின் பணத்தைப் பார்ப்போம். சோலைவரி இறுப்போர் பலர், தம் வரியில் ஒரு பங்கு ஊர்ப் பள்ளிக்குச் செல்கின்றதென எண்ணுகின்றனர். மேனாடுகள் சிலவற்றில் அவ்வாறுண்டு; இலங்கையில் இல்லை. சோலைவரி வீதிக்கும் வடிகாலுக்கும் விளக்குக்கும் குப்பைக்கும் நூலகத்துக்கும் உரியது. முற்காலத்திற் பள்ளிகளை நடத்தியோர் மிஷன் சங்கங்களும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளுமே. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப்பின் தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சிடமும் ஏனையவை மாகாண சபையிடமும் அமைந்தன. ஆசிரியர் சம்பளம் அவ்வழியே வருகின்றது. கூரைத்தகடு, குடிநீர்த் தொட்டி, விளையாட்டுத்திடல் ஆகியவற்றின் பெரும்பகுதி பெற்றோரிடமிருந்தும் பழைய மாணவரிடமிருந்தும் வருகின்றது.

இங்கேதான் ஏற்றத்தாழ்வு பெருகுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கம் அமைத்து நிதி திரட்டும் பழைய மாணவர் பெரும்பாலும் நகரக் கல்லூரிகளின் பெயரையே தாங்குகின்றனர். ஐந்தாம் வகுப்புவரை எழுத்தறிவித்த ஊர்ப் பள்ளியைத் தம் கல்லூரியென்று சொல்லிக்கொள்வோர் மிகச் சிலர். அங்கே புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தும் பிள்ளை நகருக்குச் சென்றுவிடும். அதன் நன்கொடையும் பின்னாளில் அங்கேயே செல்லும். இதனை நன்றிமறப்பு என்று பழிப்பதிற் பயனில்லை. அரசின் பணம் குறையை நிரப்பாத இடத்தில் அன்பின் பணம் தான் விரும்பிய இடத்துக்குத்தான் போகும்.

இதற்கெல்லாம் மறுமொழி சொல்ல வேண்டியவர் யார்? மாவட்டத்தில் ஒரு மாநகரசபை, மூன்று நகரசபைகள், 13 பிரதேச சபைகளாக 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. பழைய கிராமச் சங்கங்களும் பட்டினசபைகளும் 1981இல் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் பிறந்தன. குடாநாட்டில் அவை நெடுங்காலம் உறுப்பினரின்றியே கிடந்தன. 2018இல் தெரிவானோரின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆந் தேதியே நடந்தது. இடைப்பட்ட ஈராண்டும் வரி அறவிடப்பட்டது. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை. பள்ளிகளின் நிலை இன்னும் கடினம். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025இல் வடிகாலுக்கு வாக்களித்த தகப்பனுக்கு, மகளின் பள்ளிக்கு வாக்களிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை.

உறுப்பினர் இருந்த காலத்தும் விவாதம் பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே சுழன்றது. 2020 டிசம்பரில் யாழ். மாநகரசபையின் பாதீடு இருமுறை தோற்கடிக்கப்பட்டது. அதனால் முதல்வர் பதவியிழந்தார். புதியவர் 21க்கு 20 என ஒரேயொரு வாக்கினால் வென்றார். அச்செய்தியை ஊரெல்லாம் அறிந்தது. தோற்ற பாதீட்டில் வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதைக் கேட்டோர் எத்தனை பேர்?

கேட்பதற்கு வழியில்லாமலில்லை. பாதீட்டின் வரைவு சபையில் நிறைவேறுமுன் அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஒரு வட்டாரத்தில் எத்தனை கட்டடங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது என்று சபையையும், எத்தனை ஆசிரியர் வெற்றிடங்கள் உள்ளன என்று வலயக் கல்விப் பணிமனையையும் எழுத்திற் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, பிள்ளையைச் சேர்த்த ஒவ்வொரு பெற்றோரும் அதன் உறுப்பினரே. அக்கூட்டம் பெரும்பாலும் ஒரு பிற்பகலில் நடைபெறும். முன்வரிசைக் கதிரைகள் நிரம்புவது அருமை.