பழைய கணினியில் நல்ல நாதம்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு இருந்த இலவச ஆதரவு முடிவுற்றது. டெலானிபூரில் நம்மவர் இல்லங்களிலுள்ள பழைய கணினிகள் பலவும் அடுத்த பதிப்பை ஏற்கா. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் விலைபேசுமுன் அன்பர்கள் இதனைப் படிக்க வேண்டுகிறோம்.

இசை கேட்க அவை இன்னும் போதும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின்மேல் எழுந்த இயங்குதளங்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. வாலுமியோ போன்றவை இசைக்கென்றே அமைந்தவை. ஆயினும் பிள்ளைகளின் பாடமும் அதே கணினியில்தானே! ஆதலால் டெபியனையே யாம் விரும்புகிறோம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் அதன் வழிவந்ததே.

குறுந்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகியுள்ளது. பைப்வயர் என்னும் ஒலிநிரலோ இயல்பாக 48,000இல் இயங்குவதால், அவற்றை மாற்றிக் கணக்கிட்டே அனுப்பும். அவ்வேறுபாடு எம் செவிக்கு எட்டவில்லை. எட்டுவோர் எம்.பி.டி. என்னும் இசை நிரலை அல்சா வழியாக ஒலிமாற்றியுடன் நேரே இணைத்துக்கொள்ளலாம். ராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடியை எம்.பி.3யாகச் சுருக்கி வைத்துவிட்டு இயங்குதளத்தைக் குறைகூறிப் பயனென்ன? ஃப்ளாக் கோப்பாக எடுங்கள்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்தபின் பதிவிறக்கம் எளிது. ஒருவர் இறக்கினால் தெருவுக்கே போதும். முதலில் பென் டிரைவிலேயே இயக்கிப் பாருங்கள். நிறுவுமுன் பாட்டுகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். எம்முள் ஒருவர் அதை மறந்து, தந்தையார் பாடிய ஒலிநாடாவின் ஒரே படியை இழந்தார்.