கண் திறந்திருக்கு, நினைவு இருக்கா? பாட்டு தரும் தடயம்

கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, றொசல்ல வழியாக ஹட்டனுக்கு ஏறும் வீதியில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கிட்ட வந்த பிறகுதான் தெரியும். வளைவில் கவிழும் முச்சக்கர வண்டி, மழையில் வழுக்கும் கொழுந்து மலை, கிளை வெட்ட ஏறிய மரம் என்று தலையில் அடிபட இங்கே வழிகள் பல. அடிபட்டவர் முதலில் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போவார். காயம் பெரிதென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படுவார். சில வாரங்கள் கழித்துக் கட்டிலருகே நிற்கும் உறவினர் கேட்பது இதைத்தான்: “கண்ணு தொறந்திருக்கு. நாம பேசுறது அவருக்கு வெளங்குதா?”

இதற்கு விடை தேடும் ஆராய்ச்சியாளர்கள், நோயாளிக்குப் பிடித்த பாட்டையும் ஒரு கருவியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மயக்கத்தில் மூன்று நிலைகள்

முதலாவது கோமா. கூப்பிட்டாலும் கிள்ளினாலும் கண் திறக்காது. மயக்கத்தின் ஆழத்தை அளக்க 1974இல் வெளியான கிளாஸ்கோ அளவுகோலில் நல்ல நினைவோடு இருப்பவருக்கு 15 புள்ளி. 8 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்தான நிலை. கோமா பெரும்பாலும் சில வாரங்களுக்குமேல் நீடிப்பதில்லை.

இரண்டாவது நிலையில் கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆனால் சுற்றி நடப்பதை உணர்வதற்கான அடையாளம் எதுவும் வெளியே தெரியாது. மூன்றாவது, அரைகுறை நினைவு நிலை. மகளின் முகத்தைக் கண் பின்தொடரும். கையை அழுத்தச் சொன்னால் ஒரு தடவை அழுத்தும், அடுத்த தடவை சும்மா கிடக்கும்.

கடைசி இரண்டு நிலைகளுக்கும் இடையிலான கோடு தேர்ந்த வைத்தியர்களையும் ஏமாற்றும். பெல்ஜியத்தில் 2009இல் வெளியான ஆய்வில், நினைவே இல்லை என்று கருதப்பட்ட 44 பேரை முறையான அளவுகோலால் மறுபடி சோதித்தார்கள். 18 பேருக்கு நினைவின் அடையாளம் இருந்தது. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை மட்டும் அந்தக் கட்டளைக்கு இணங்கியது. உடல் அசையவில்லை, மூளை கேட்டுக்கொண்டிருந்தது.

பெயருக்கு முன்னால் ஒரு பாட்டு

பிரான்சில் ஃபாபியன் பெரான் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 13 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு தடவை அவரவருக்குப் பிடித்த இசையையும், இன்னொரு தடவை ஒரே மாதிரியான இரைச்சலையும் கேட்க வைத்தார்கள். பின்னர் பல பெயர்களைச் சொன்னார்கள். அவற்றுள் நோயாளியின் பெயரும் இருந்தது. தலையில் பொருத்திய மின்வாய்கள் மூளையின் மின்னலைகளைப் பதிந்தன. சொந்தப் பெயரை மற்றப் பெயர்களிலிருந்து மூளை பிரித்தறிந்தது, இரைச்சலுக்குப் பிறகைவிட இசைக்குப் பிறகே அதிகம். அப்படிப் பிரித்தறிந்தவர்கள் பின்னாளில் தேறும் வாய்ப்பும் கூடுதலாகத் தெரிந்தது.

காரணம் இரண்டாக இருக்கலாம். இசை பொதுவாகவே மூளையை உசுப்பிவிடும். அதோடு, பழகிய பாட்டு பழைய நாளையும் முகத்தையும் இடத்தையும் சேர்த்தே இழுத்து வரும். பாட்டும் சொந்த வாழ்வின் ஞாபகமும் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் சந்திப்பதை ஆய்வாளர் பீற்றர் ஜனாட்டா 2009இல் காட்டினார்.

ஆனாலும் அவசரப்படக் கூடாது. ஆய்வு சிறியது. பாட்டு அவர்களைத் தேற்றியது என்று அது நிறுவவில்லை. மூளை குறைவாகச் சேதப்பட்டவர் பாட்டுக்கும் துலங்குவார், பின்னர் தேறவும் செய்வார். ஆகவே பாட்டை மருந்தாகப் பார்ப்பதைவிட, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கும் கையாகப் பார்ப்பதே சரி.

நினைவு திரும்பியவர்களிடமும் இசைக்கு வேலை இருக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மூளை, மனநல நிறுவனத்தில் சாந்தலா ஹெக்டே, தலையில் அடிபட்டவர்களின் கவனத்தையும் ஞாபகத்தையும் மீட்க இசைவழிப் பயிற்சியை ஆராய்ந்து வருகிறார்.

எந்தப் பாட்டு?

‘மூளைக்கு நல்ல ராகம்’ என்று விற்கப்படும் ஒலிப்பதிவுகளைத் தேட வேண்டியதில்லை. அந்த 13 பேரும் கேட்டது அவரவருக்குப் பிடித்ததைத்தான். பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூடும் காலை அணிவகுப்புக்கு) அழைக்கத் தப்படித்த காலத்தைக் கண்ட தாத்தாவுக்கு மாசி மாதக் காமன் கூத்துப் பாட்டாக இருக்கலாம். பேரனுக்கு நேற்று வந்த சினிமாப் பாட்டாக இருக்கலாம். அதை வைத்தியரால் சொல்ல முடியாது. தோட்ட லயத்தில் கூட வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

உறவினரின் குரலுக்கும் வலு உண்டு. அமெரிக்காவில் தெரேசா பேப் 2015இல் வெளியிட்ட, 15 பேர் பங்கேற்ற ஆய்வில், பழகிய குரல்கள் சொன்ன குடும்பக் கதைகளை ஆறு வாரம் கேட்டவர்கள், வெறும் மௌனத்தைக் கேட்டவர்களைவிட ஓர் அளவுகோலில் கூடுதலாக முன்னேறினார்கள்.

செய்து பார்க்க விரும்புவோர் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். மூளையில் வீக்கம் இருக்கும் ஆரம்ப நாட்களில் ஓய்வே முக்கியம். அடிபட்டதில் காது பழுதாகியிருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். பிறகு, அவர் விழித்திருக்கும் வேளையில் தொலைக்காட்சியை நிறுத்தி, மெல்லிய சத்தத்தில் ஒரே ஒரு பாட்டைப் போடுங்கள். முடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எளிய ஒன்றைச் செய்யச் சொல்லி, பதிலுக்குக் காத்திருங்கள். நாள் முழுக்க வானொலியை அலறவிட்டால் பயனில்லை. அது களைப்பையே தரும்.

சத்தத்துக்குத் திடுக்கிடுவது அனிச்சை. குரல் வந்த பக்கம் கண் திரும்புவதும், சொன்னபின் விரல் அசைவதும் கவனிக்க வேண்டியவை. இந்த நிலையில் உள்ளவரைக் குறுகிய காலத்துக்குள் ஐந்து தடவையாவது சோதித்த பிறகே முடிவுக்கு வரவேண்டும் என்பது ஆய்வாளர்களின் பரிந்துரை. ஆகையால் ஒரு நாள் அசைவில்லை என்று மனம் விட்டுவிட வேண்டாம். நாள், நேரம், பாட்டு, கண்டது ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்; முடிந்தால் கைபேசியில் படம் பிடியுங்கள். அடுத்த தடவை வைத்தியரைப் பார்க்கும்போது இரண்டையும் காட்டுங்கள்.