பாட்டி பிறந்த லயத்துக்கு வரைபடத்தில் இடமுண்டா?

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம் போனேன். தாம் பிறந்த தோட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கைப்பேசி வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைத் தட்டினேன். எதுவும் வரவில்லை.

"அதை ஏன்யா நோண்டிக்கிட்டு இருக்க? ஏழாங் கட்டை தாண்டினதும் பாலம் வரும், வலது பக்கம் திரும்பு" என்றார் பாட்டி.

பாலம் இருந்தது. செம்மண் சாலையும் இருந்தது. ஆனால் ஒரு பால்மரம்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. லயங்கள், ஆயாக்கொட்டகை, பெரட்டுக் களம் எல்லாம் போய்விட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது. அதன் பலகையில் தோட்டத்தின் பெயர் தமிழில் எழுதியிருந்தது. 1877இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்ட மாநிலம் இது. அந்தக் காலத்தின் மிச்சமாக அங்கே இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

அன்றிரவே ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் திறந்தேன். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய வரைபடம் அது. விக்கிப்பீடியாவைப் போலவே யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பாட்டி கைகாட்டிய இடத்தில் ஆறு லயங்களை வரைந்தேன். அருகிலிருந்த ஊர்ப்பெயரின் மலாய் எழுத்துகளை அழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். மனநிறைவோடு தூங்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, முகம் தெரியாத ஒரு தன்னார்வலரிடமிருந்து செய்தி வந்தது. நான் செய்த இரண்டையும் நீக்கியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. தமிழில் எழுதியது குற்றமா?

அவர் சுட்டியிருந்த விதிகளைப் படித்த பிறகுதான் தவறு புரிந்தது. 'பெயர்' என்ற கட்டம், சாலைப் பலகையிலும் ஊர் மக்களின் பொது வழக்கிலும் உள்ள பெயருக்கு உரியது. தமிழுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அனைத்துலக மொழிக் குறியீட்டில் தமிழுக்கு உரிய 'டி.ஏ.' என்ற ஈரெழுத்துக் குறியைச் சேர்த்து அதில் எழுத வேண்டும். அப்படி எழுதினால், அந்தத் தரவைப் பயன்படுத்தும் செயலி எந்த நாட்டில் இருந்தாலும், தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தமிழில் காட்ட முடியும். நான் மலாய்ப் பெயரை அழித்தால், நாளை இன்னொருவர் என் தமிழை அழிப்பார். தனிக் கட்டத்தில் இருப்பதை அழிக்க யாருக்கும் காரணமில்லை. (ஈப்போவா, இப்போவா என்று நமக்குள்ளேயே சண்டை உண்டு. அதற்கும் மாற்றுப்பெயர்க் கட்டம் இருக்கிறது!)

லயங்கள் விஷயம் கொஞ்சம் வலித்தது. இன்று தரையில் உள்ளதை மட்டுமே ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஏற்கும். கோயில் நிற்கிறது, அதற்கு இடமுண்டு. லயம் இல்லை, அதற்கு இடமில்லை. மறைந்துபோன இடங்களுக்கு ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனி வரைபடம் உண்டு என்று அந்தத் தன்னார்வலரே வழிகாட்டினார். அங்கே ஒவ்வோர் இடமும் எப்போது தோன்றியது, எப்போது மறைந்தது என்று எழுத வேண்டும்.

பாட்டியிடம் கேட்டேன். "உங்க பெரிய மாமா கல்யாணத்துக்கு அடுத்த வருசம் லயத்தை இடிச்சாங்க" என்றார். மாமாவின் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தோம். 1986. அப்படியானால் 1987. ஆனாலும் பாட்டிக்குச் சந்தேகம்: "ரெண்டு வருசம் கழிச்சும் இருக்கலாம்யா."

இதற்கும் ஒரு தரவிதி இருப்பதை அறிந்து நான் வியந்துபோனேன். தேதிகளை எழுதும் முறைக்கான ஐ.எஸ்.ஓ. 8601 தரவிதியில், 2019இல் வந்த இரண்டாம் பகுதியின்படி, ஆண்டுக்குப் பின்னால் ஒரு நெளிகோடு போட்டால் 'ஏறத்தாழ' என்று பொருள். கேள்விக்குறி போட்டால் 'உறுதியில்லை'. பாட்டியின் தயக்கத்தையும் கணினிக்குப் புரியும்படி பதிய முடிகிறது. 1987, பக்கத்தில் ஒரு நெளிகோடு.

அடுத்து, உறவினர் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களின் பட்டியலைத் தயாரித்தோம். அதை கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்தோம். 2002இல் அலாஸ்காவைச் சேர்ந்த கேரி ஷெர்மன் தொடங்கி, இன்று பல நாட்டவர் சேர்ந்து வளர்க்கும் இலவச மென்பொருள் அது. திறந்தால் ஒரு கோயிலையும் காணோம்! வட துருவத்துக்கும் அப்பால் வெற்றிடத்தில் எல்லாப் புள்ளிகளும் குவிந்து கிடந்தன. வகுப்பில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள் நாம். நாங்கள் பயன்படுத்திய ஜியோஜேசன் கோப்பு வடிவத்திலோ தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். 2016இல் வெளியான அதன் தரவிதி அப்படிச் சொல்கிறது. சுங்கை சிப்புட்டின் 4.8, 101.1 என்ற எண்களை நாங்கள் அப்படியே எழுதியதால் 101 அட்சரேகையாகிவிட்டது. 90க்கு மேல் அட்சரேகை ஏது? வரிசையை மாற்றியதும் கோயில்கள் பேராக்குக்குத் திரும்பின.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் 2015 சென்னை வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம். மூழ்கிய தெருக்களை மக்களே தொட்டுக் குறிக்கும் வரைபடத்தை அருண் கணேஷும் அவருடைய குழுவினரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து விரைவில் உருவாக்கினார்கள். தெருக்களை முன்பே யார் யாரோ பொறுமையாக வரைந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

உங்கள் தமிழ்ப்பள்ளியோ தோட்டக் கோயிலோ அதில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நேரில் போய்ப் பலகையைப் படம் எடுத்து, அதைப் பார்த்து எழுதுங்கள். கூகுள் வரைபடத்திலிருந்து பெயர்த்தெழுத மட்டும் வேண்டாம். அது உரிமச் சிக்கல், நீக்கிவிடுவார்கள்.

போன வாரம் மடிக்கணினியில் அந்த ஆறு லயங்களையும் பாட்டிக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மூணாவது லயத்துக்குப் பின்னால கிணறு இருந்திச்சே. அதை ஏன்யா போடல?"