பூங்கா மண்ணும் உடல் நலமும்

கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே நம் முன்னோர் அஞ்சினர். அவ்வச்சத்திற்குத் தக்க காரணமும் இருந்தது. 1896ஆம் ஆண்டில் அன்றைய பம்பாய் நகரில் பிளேக் நோய் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொள்ளை கொண்டது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடந்தருகின்றன என்று கருதிய அரசினர், 1898இல் நகர மேம்பாட்டுக் கழகம் ஒன்றை நிறுவினர். அக்கழகம் வகுத்த திட்டத்தின்படியே தாதரும் மாதுங்காவும் அகன்ற தெருக்களோடும் மரஞ்செறிந்த பூங்காக்களோடும் எழுந்தன. இன்று மகேஸ்வரி உத்யான் எனப் பெயர் பெற்றுள்ள கிங்ஸ் சர்க்கிளின் வட்டப் பூங்காவும், சற்றுத் தொலைவிலுள்ள ஐந்து தோட்டங்களும் அவ்வழி வந்தவையே.

காற்றுக்காகவும் நிழலுக்காகவும் ஒதுக்கப்பட்ட இந்நிலங்கள் வேறொரு வகையிலும் உடலுக்கு உதவக்கூடும் என்று இன்றைய அறிவியல் கருதுகிறது. அவ்வுதவியைச் செய்பவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்.

ஒரு கிராம் தோட்ட மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. கோடை முடிந்து முதல் மழை பெய்யும்போது எழும் மண்வாசனையை நுகராதவர் யார்? அம்மணத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்றை உண்டாக்குவது ஸ்டிரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியா இனமே. காசநோயை எதிர்த்த ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்தும் 1943இல் இவ்வினத்திலிருந்துதான் கிடைத்தது.

நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. பகை எது, பகையல்லாதது எது என்று பிரித்தறிய அதற்கு இளமையிலேயே பயிற்சி தேவை. பலவகை நுண்ணுயிர்களோடு பழகிய உடலில், தேவையற்ற போரை அடக்கும் உயிரணுக்கள் நன்கு அமைகின்றன. அப்பயிற்சி குன்றினால், பூந்தாதையும் வீட்டுத் தூசியையும் பகைவனென்று எண்ணி உடல் போர் தொடுக்கும். ஒவ்வாமையும் ஒருவகை ஆஸ்துமாவும் இவ்வாறு தோன்றுவனவே.

பின்லாந்து நாட்டு ஆய்வுகள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. 2012இல் வெளியான ஆய்வு, 118 இளைஞர்களைப் பற்றியது. ஒவ்வாமைப் போக்கு உடையோரின் வீட்டைச் சூழ்ந்து தாவர வகை குறைவாகவும், அவர்தம் தோலில் ஒரு பாக்டீரியா வகுப்பின் பன்மை குறைவாகவும் காணப்பட்டன. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், குழந்தைகள் காப்பகங்களின் வெறும் முற்றங்களில் காட்டுத் தரையும் புற்றரையும் பரப்பப்பட்டன. குழந்தைகள் 28 நாட்கள் அவற்றில் விளையாடினர். அதற்குள் அவர்களுடைய தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. காவற்படையின் சமநிலையைக் காட்டும் குறிகளும் இரத்தத்தில் நன்மை நோக்கி மாறின. நோயே குறைந்தது என்பதை அவ்வாய்வு நிறுவவில்லை. நன்மை செல்லும் வழியையே காட்டிற்று.

இவ்விடத்தில் நேயர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம். அங்ஙனமாயின் அழுக்கெல்லாம் நன்மையோ? அன்று. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு நீர் தேங்குவதை மும்பை மக்கள் நன்கறிவர். சாக்கடை கலந்த அந்நீரில் எலியின் சிறுநீரும் சேர்கிறது. காலிலுள்ள சிறு புண் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உடலுள் நுழைய அஃதொன்றே போதும். 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று; அவ்வெள்ளத்தை அடுத்து நகரில் எலிக்காய்ச்சல் பரவியது. ஆகவே, மரநிழலில் சருகு மட்கிய மண் வேறு; மலமும் குப்பையும் கலந்த சேறு வேறு. முன்னதில் பழகலாம், பின்னதை விலக்க வேண்டும். வெள்ளத்தில் நடக்க நேர்ந்தால் உடனே கால்களைக் கழுவுக. காய்ச்சல் கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாடுக. உணவுக்கு முன் கைகழுவுதலும் உரிய தடுப்பூசிகளும் எக்காலத்தும் இன்றியமையாதவை.

இவ்வேறுபாட்டை உணர்ந்தால் நம் கடமையும் விளங்கும். மாதுங்காவின் குழந்தைக்கு வீட்டருகே பூங்கா உண்டு. தாராவியின் குறுகிய சந்தில் வளரும் குழந்தைக்குச் சாக்கடை அண்மையிலும் நல்ல மண் சேய்மையிலும் உள்ளன. ஆயினும் தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில், ஒருகாலத்தில் நகரக் குப்பை கொட்டப்பட்ட ஏறக்குறைய 37 ஏக்கர் நிலம் மரங்கள் அடர்ந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மாற்றப்பட்டு, 1994இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குப்பைமேடு சோலையாக முடியுமெனில், ஏனைய இடங்களிலும் அது கூடாததன்று.

பெற்றோர் தம் மக்களைப் பூங்காவின் புல்லிலும் மண்ணிலும் விளையாட விடுவாராக. பூங்காக்களைப் பேணுவோரும் தரை முழுவதையும் கல் பாவி மூடாமல், மண்ணையும் மரத்தடிச் சருகையும் ஓரளவேனும் விட்டுவைப்பாராக. சாக்கடையை மூடுவதும் மண்ணைத் திறந்து வைப்பதும் ஒரே சுகாதாரப் பணியின் இரு கூறுகள்.