மில் முதலாளியும் தேசத்தின் கஜானாவும்

சேலம், நாமக்கல் சீமையில் தறிச் சத்தம் கேளாத ஊர் அபூர்வம். அந்தத் தறிகளுக்குக் கோயம்புத்தூர் மில்களிலிருந்தும் நூல் வந்தது. திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி ஆசிரமம் அமைத்தபின், கைராட்டையிலிருந்தும் வந்தது. ராட்டையின் பக்கம் நின்றவரை நம் ஜில்லாவில் எல்லோரும் அறிவார்கள். மில்லின் பக்கத்திலிருந்து வந்த ஸர் ஆர்.கே. ஷண்முகம் செட்டியாரை இப்போது நினைப்பவர் குறைவு. என் வகுப்பில், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி யார் என்று கேட்டால், பெரும்பாலும் மௌனமே பதில்.

1892-ஆம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி கோயம்புத்தூரில், மில் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னையில் கிறிஸ்துவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். எனினும் வக்கீல் தொழிலைவிடக் குடும்ப வியாபாரமும் பொது வாழ்க்கையுமே அவரை இழுத்தன. 1917-ல் ராஜாஜி சேலம் முனிசிபாலிடியின் சேர்மனாக அமர்ந்தார். அதே வருஷத்தில் செட்டியார் கோவை முனிசிபாலிடியில் அங்கத்தினரானார். இருவருக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஊர்ச் சாக்கடையும் குடிதண்ணீரும்தான். பிறகு பாதைகள் பிரிந்தன.

சென்னைச் சட்டசபையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, 1924-ல் செட்டியார் டில்லியில் மத்திய சட்டசபைக்குப் போனார். அங்கே சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாக விளங்கினார். கணக்கையும் வரியையும் பற்றி அவர் பேச எழுந்தால், சர்க்கார் தரப்பினரும் காது கொடுத்துக் கேட்பார்கள். 1933-ல் அச்சபையின் தலைமைப் பீடமே அவருக்குக் கிடைத்தது.

அந்த உயர்வுக்கு நடுவில்தான் ஆட்டவா விவகாரம் வந்தது. 1932-ல் கனடாவின் அந்நகரில் நடந்த சாம்ராஜ்ய மகாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகச் சென்றார். பிரிட்டிஷ் சரக்குகளுக்கு இங்கே வரிச் சலுகை, நம் சரக்குகளுக்கு அங்கே சலுகை என்பது உடன்படிக்கையின் சாரம். வியாபாரியின் கண்ணுக்கு அது கொடுக்கல் வாங்கல். ஆனால் காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்த வருஷம் அது. அந்நியத் துணியைக் கொளுத்திய ஜனங்களிடம் போய், அந்நியச் சரக்குக்குச் சலுகை லாபகரமானது என்று சொன்னால் எடுபடுமா? 1934-ஆம் வருஷத் தேர்தலில், காங்கிரஸ் நிறுத்திய சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். வென்றவரும் ஒரு வியாபாரியே!

மறு வருஷம் கொச்சி ஸமஸ்தானத்தின் திவானாகி, 1941 வரை அப்பதவியில் இருந்தார். எர்ணாகுளத்தில் ஷண்முகம் ரோடு அவர் பெயரையே தாங்குகிறது. 1944-ல் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் சர்வதேச நிதி ஸ்தாபனங்களுக்கு அஸ்திவாரம் போடப்பட்டபோது, இந்தியக் குழுவில் அவரும் இருந்தார்.

1947 ஆகஸ்டு 15. நேருவின் மந்திரி சபையில் அம்பேத்கரைப் போலவே, காங்கிரஸைச் சேராத செட்டியாருக்கும் இடம் கிடைத்தது. பழைய விரோதத்தைப் பாராமல் தேசம் அவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்தது. நமது தலைவர்களின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நவம்பர் 26-ந் தேதி, ஏழரை மாதங்களுக்கான வரவு செலவுத் திட்டத்தை அவர் சமர்ப்பித்தார். வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அதில் 92.74 கோடி ராணுவத்துக்கு. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்குச் சோறு போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட வேளை அது.

ஒரு வருஷம் பூர்த்தியானதோ இல்லையோ, சோதனை வந்துவிட்டது. யுத்த காலத்தில் கொழுத்த லாபம் சம்பாதித்து வரி ஏய்த்தவர்களை விசாரிக்க ஒரு கமிஷன் ஏற்பட்டிருந்தது. அதற்கு அனுப்பிய ஜாபிதாவிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதாகச் சபையில் கேள்வி எழுந்தது. செட்டியார் பொறுப்பை ஏற்று, 1948 ஆகஸ்டில் ராஜினாமாச் செய்தார். அவர் சொந்த லாபம் கருதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மில்காரர் ஒருவர் வரி வசூலிக்கும் ஸ்தானத்தில் இருக்கையில், பணக்காரர் பெயர் ஒன்று விடுபட்டாலும் தறிக்காரன் மனத்தில் சந்தேகம் முளைப்பது இயல்பு. விலகியதே முறை.

அச்சமயம் தேசத்தின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர் ராஜாஜி.

அரசியலுக்கு அப்பால் செட்டியாருக்கு இன்னொரு முகம் உண்டு. தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார். வணிகர் குலத்துக் கதைக்கு ஒரு வணிகர் எழுதிய உரை! 1952-ல் மீண்டும் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது முதல் மந்திரியாக இருந்தவரும் ராஜாஜிதான். மறு வருஷம் மே 5-ந் தேதி செட்டியார் தமது அறுபதாவது வயதில் காலமானார்.